மாற்றுத்துணி

சென்ற டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பேருந்தில் அமர்ந்து நாளிதழின் இணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குளிர்காலத்துக்கு ஏற்ப அலமாரியை மாற்றியமைப்பது எப்படி என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை. கோடையின் வெளிர் நிறங்களை மடித்து உள்ளே வைத்துவிட வேண்டுமாம். அரக்கையும் கரும்பச்சையையும் காப்பிப்பொடி நிறத்தையும் வெளியே எடுக்க வேண்டுமாம். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு உடுத்துவதுதான் இவ்வாண்டின் பாணி என்றும், கழுத்தைச் சுற்றிய கம்பளித் துண்டு எந்த உடைக்கும் எடுப்பாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். என் அருகில் ஒரு பெண்மணி உறங்கிக்கொண்டிருந்தார். சேலை, அதற்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் தலையைச் சுற்றிக் கழுத்தில் முடிந்த ஓர் ஈரிழைத் துண்டு. காலடியில் காலியான மீன் கூடை. எண்ணிப் பார்த்தால் அவரும் மூன்று அடுக்குதான் உடுத்தியிருந்தார்.

இந்தத் தற்செயலைக் கேலிக்காக இங்கே சொல்லவில்லை. அன்று மாலை வரை அந்தப் பெண்மணியின் சட்டை என் நினைவை விட்டு நீங்கவில்லை. அதே சட்டையை அவர் மே மாதத்திலும் அணிவார் என்பது எனக்குத் தெரியும். கோடையில் அந்த வழியே போனபோதெல்லாம் பெண்கள் அப்படி உடுத்தியிருக்கப் பார்த்திருக்கிறேன். வெயிலில் தோல் கருகாமலிருக்க அணியும் சட்டையே பனிக்காற்றில் தோள் நடுங்காமலிருக்கவும் ஆகிறது. சட்டை மாறவில்லை, அதன் வேலைதான் மாறுகிறது. அப்படியானால் கோடை உடை, குளிர்கால உடை என்ற பிரிவே இந்தக் கடற்கரையில் யாருக்காக?

நம் சென்னை வட்டாரத்துக் குளிரைப் பற்றி நாமே கொஞ்சம் மிகையாகப் பேசுகிறோம். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். அது 1895இலும் 1905இலும் நேர்ந்தது. மிக உயர்ந்தது 2003 மே 31 அன்று 45 பாகை. மார்கழி, தை விடியலில் வழக்கமாக 20 பாகையை ஒட்டி நிற்கும். இதற்குக் கம்பளியும் தோல் காலணியும் தேவை என்று ஐரோப்பியர் ஒருவரிடம் சொன்னால் அவர் நம்மைப் பரிவோடு பார்ப்பார். இளவேனில்-கோடைக்கு ஒரு தொகுதி, இலையுதிர்-குளிருக்கு ஒரு தொகுதி என்று ஆண்டுக்கு இரு முறை உடைகளை அரங்கேற்றும் பழக்கம் பாரிஸிலும் மிலானிலும் உருவானது. அங்கே பனி பொழிகிறது, அவர்களுக்கு அது பொருந்தும். நமக்கு அது கடைக்காரர்களின் பஞ்சாங்கமாக மட்டுமே வந்து சேர்ந்தது.

ஆனால் பருவத்துக்கேற்ற அலங்கார மாற்றம் தமிழுக்கு அந்நியமானதன்று. நெடுநல்வாடையைப் படித்தவர்கள் நினைவுகூரலாம். கூதிர் வந்துவிட்டது என்பதை நக்கீரர் வானத்தைக் காட்டி மட்டும் சொல்வதில்லை, வீட்டுக்குள்ளிருக்கும் பண்டங்களைக் காட்டியும் சொல்கிறார். கோடையில் ஓயாமல் வீசிய விசிறி முளையில் தொங்கிச் சிலந்தி நூல் படிந்து கிடக்கிறது. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. பெண்கள் கூந்தலில் மாலையாகச் சூடாமல் சில பூக்களை மட்டுமே இட்டுக்கொள்கிறார்கள். அது மாட நகரத்தின் குளிர். அதே பாட்டின் தொடக்கத்தில் வேறொரு குளிரும் உண்டு. வெள்ளத்தால் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்த கோவலர்கள் நனைந்து, நெருப்பைச் சூழ்ந்து நின்று கை காய்ச்சுகிறார்கள். அவர்களுக்கு மடித்து வைக்கவோ எடுத்து உடுக்கவோ எதுவுமில்லை, நெருப்பு ஒன்றுதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தவர் அவற்றின் இடைவெளியை அறியாமலா வைத்திருப்பார்?

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தொல்காப்பியம் முல்லைக்குக் காரைத் தருகிறது. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் தருகிறது. பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் தருகிறது. நெய்தலுக்குத் தனியாக ஒரு பெரும்பொழுதும் சொல்லவில்லை. ஆறு பருவமும் அதற்கு உரியன என்று உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள். சிறுபொழுதோ உண்டு, எற்பாடு. அது பொழுது சாயும் நேரமா, எழும் நேரமா என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். நான் புலவனல்லன்; அந்த வாதத்தில் இறங்கப் போவதில்லை. ஆனால் பழவேற்காட்டுப் படகுத்துறையில் ஒரு நாள் முழுக்க அமர்ந்திருந்த ஒருவனுக்கு, கடற்கரைக்குப் பருவத்தைக் காட்டிலும் பொழுதே முதன்மையானது என்று இலக்கணம் வகுத்தது வெறும் நூற்கொள்கையாகத் தோன்றாது. இங்கே உடை மாதத்தைப் பார்த்து மாறுவதில்லை, மணியைப் பார்த்து மாறுகிறது.

நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குப் புறப்படுகிறவர் எவ்விதம் உடுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். தலையில் குரங்குக் குல்லாய் அல்லது துண்டு. மேலே யாரோ கொடுத்த அல்லது நடைபாதையில் வாங்கிய பழைய ஸ்வெட்டர். கீழே அரைக்கால் சட்டை, அதன் மேல் மடித்துக் கட்டிய கைலி. மழை வந்தால் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள். வலை போடும் இடத்தை அடைந்ததும் ஸ்வெட்டரும் கைலியும் கழன்று பாலித்தீன் பைக்குள் போய் இறுக முடியப்படுகின்றன. நீருக்குள் இறங்குபவர் அரைக்கால் சட்டையோடு இறங்குகிறார். அவருடைய பாட்டன் கோவணத்தோடு இறங்கியிருப்பார். விடிந்து கரை சேர்ந்ததும் முடிச்சவிழ்த்து உலர்ந்த கைலி. ஏலத்துக்கு ஒரு சட்டை, பொத்தான் போடுவது அவரவர் விருப்பம். நண்பகலில் வலை சீர்செய்யும்போது மேலே ஒன்றுமில்லை. மாலையில் குளித்து, துவைத்த கைலியும் தேய்த்த சட்டையுமாகத் தேநீர்க் கடைக்கு வரும்போது அவர் வேறு மனிதர். ஒரே நாளில் ஐந்து கோலம். சித்திரையிலும் இந்த ஐந்து கோலம் உண்டு, ஸ்வெட்டர் மட்டும் இராது. கோடைக்கும் குளிருக்கும் நடுவே இவர் உடையில் உள்ள முழு வேறுபாடும் அந்த ஒரு பழைய ஸ்வெட்டர்தான்.

நடுவூர் மாதா குப்பத்தை ஒட்டிய கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இந்தக் குளிரில் தண்ணீரில் இறங்குகிறீர்களே?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் இன்னா குளிரு தம்பி? அது கதகதன்னுதான் இருக்கும். ஏறி வெளிய வந்தாத்தான் குளிரு." பிறகு சற்று யோசித்து, "ஈரத்துணிதான் குளிரு" என்றார். மார்கழி விடியலில் ஏரி நீர் காற்றைவிட வெப்பமாக இருக்கும் என்பதும், நனைந்த துணியின் நீர் ஆவியாகும்போது உடலின் சூட்டையும் கொண்டு போகும் என்பதும் பள்ளிப் பாடம்தான். ஆனால் குளிர் என்பது ஒரு பருவமன்று, ஒரு துணியின் நிலை என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. நம் திரைப்படங்களில் மீனவனின் உடை எப்போதும் உலர்ந்தே இருப்பதால் நமக்கு இது தோன்றாமல் போயிருக்கலாம்.

ஈரத்துணி என்றதும் இருளர் பெண்களைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த முறையில் வலை விரிப்பது என்பதைக் குப்பங்கள் 'பாடு' என்ற பழைய ஏற்பாட்டின் மூலம் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அது நுட்பமான ஏற்பாடு, தனிக் கட்டுரைக்கு உரியது. அதில் இருளருக்கு இடமில்லை. வலையும் படகும் இல்லாத அவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கப் பனையோலையில் முடைந்த பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் அதைக் கழுத்தில் தொங்கவிட்டோ பல்லால் கடித்தோ வைத்துக்கொள்கிறார்கள். மணிக்கணக்காக நீரில். வரிந்து கட்டிய பழஞ்சேலை, மேலே ஆண் சட்டை. படகில் வந்தவருக்காவது பாலித்தீன் பையில் ஓர் உலர்ந்த கைலி காத்திருக்கிறது. இவர்கள் ஈரத்தோடே கரையேறி ஈரத்தோடே வீடு வரை நடக்கிறார்கள். கோடையில் அந்த நடையிலேயே துணி காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காயாது. அடுத்த நாளும் காயாது. இரண்டே சேலை உள்ளவருக்கு அடைமழைக் காலம் எப்படிப்பட்டது என்பதை எந்தப் பாணிக் கட்டுரையும் எழுதியதில்லை. நானும் எழுதத் தகுதியுடையவனல்லன், கரையில் நின்று பார்த்தவன்தான்.

இந்த இடத்தின் பெயரை நினைக்கும்போதுதான் மனம் கசக்கிறது. உடைக்கும் பழவேற்காட்டுக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. 1610இல் டச்சுக்காரர்கள் இங்கே வணிகத்துக்கு இடம் பெற்று, 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும் வரை சோழமண்டலக் கரையின் தங்கள் வணிகம் முழுவதையும் இங்கிருந்தே நடத்தினார்கள். அவர்கள் தேடி வந்தது துணி. கிழக்கே மொலுக்கஸ் தீவுகளில் சாதிக்காய்க்கும் கிராம்புக்கும் பொன்னைக் காட்டிலும் துணி நன்றாகச் செலாவணியானது. இப்பகுதியில் நெய்த கட்டம் போட்ட துணி, சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமுமாகக் கப்பலேறியது. அதே கப்பல்களில் பஞ்சத்தில் விற்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகப் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துணி போன இடமெல்லாம் ஊரின் பெயரும் போயிற்று. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலேகாட்' என்றுதான் பெயர். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் மாலையில் குளித்துவிட்டு, தொழுகைக்குப் போகுமுன் ஆண்கள் உடுத்துவது அது. இலங்கையில் 'பழையகாட் சாரம்' என்று கேட்டு வாங்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் இந்தக் கைக்குட்டையைப் பார்த்து நெய்து அதற்குப் 'புலிகேட்' என்றே பெயர் வைத்தார்கள். மெக்ஸிகோ உழவர்கள் கழுத்தில் கட்டும் 'பாலியகாதே'வும் இந்த ஊரிலிருந்து போன சொல்தான் என்பார் உண்டு, பூர்வகுடி மொழியின் சொல் என்பாரும் உண்டு. அந்த வழக்கு தீரட்டும். இவ்வகைக் கட்டத் துணியின் உறவான சென்னைக் கைக்குட்டை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களிடம் 'இஞ்சிரி' ஆயிற்று. அவர்களும் மீன்பிடித்தும் வணிகம் செய்தும் நீரோடு வாழ்ந்தவர்கள். பிறப்பிலிருந்து இறப்பு வரை அவர்களுடைய சடங்குகளில் அத்துணிக்கு இடமுண்டு. ஒரு கழிமுகத்தின் துணியை இன்னொரு கழிமுகம் தன்னுடையதாக்கிக் கொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் அலங்காரமாகத்தான் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

இன்று பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன; வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்தூண்கள் இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் அவற்றோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரின் பெயரால் உலகம் உடுத்திய துணி மட்டும் இங்கே இல்லை. கடைத்தெருவில் கைலி வாங்கினால் அது குறிஞ்சிப்பாடியிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வந்திருக்கும். லுங்கியைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை எந்த ஜவுளிக்கடைப் பலகையிலும் கைவைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இவ்விடத்தில் கைத்தறி அன்பர்கள், அவர்களில் நானும் ஒருவன், வழக்கமாக ஒரு பெருமூச்சு விடுவோம். மீனவர்கள் பருத்தியை விட்டுப் பாலியெஸ்டருக்குப் போய்விட்டார்கள், கட்சிச் சின்னம் அச்சிட்ட டி-ஷர்ட்டும் கால்பந்து வீரரின் பெயர் எழுதிய பனியனும் அணிகிறார்கள், பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வருகிறார்கள், அழகுணர்ச்சி போயிற்று என்று. பழவேற்காட்டுக்குப் பலமுறை போன பிறகு அந்தப் பெருமூச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நனைந்த பருத்தி கனக்கும், உடம்போடு ஒட்டும், காய நாளெடுக்கும். பாலியெஸ்டரை முறுக்கிப் பிழிந்து படகின் ஓரத்தில் போட்டால் கரை சேருமுன் பாதி உலர்ந்துவிடும். மே மாத வெக்கையில் அது உடம்பை வேகவைக்கும் என்பது உண்மை. அதற்குத்தான் கரையில் அவர்கள் மேலாடையே அணிவதில்லை. நைட்டியும் அப்படியே. ஐந்தரை மீட்டர் சேலையைத் துவைத்துக் காயவைப்பதற்கும் ஒரு நைட்டியைக் காயவைப்பதற்கும் உள்ள வேறுபாடு மழைக்காலத்தில் ஒரு குடிசைக்குள் கொடி கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பருத்தியின் அருமையை மீனவருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களுடைய வலையே பருத்தி நூலால் ஆனதாக இருந்தது. அதைப் பட்டைச் சாயத்தில் தோய்ப்பதும், ஒவ்வொரு நாளும் உலர்த்துவதும், உலராவிட்டால் மக்கிப் போவதைப் பார்த்துக் கலங்குவதுமாக ஒரு தலைமுறை வாழ்ந்தது. 1960களில் நைலான் வலை பரவியபோது அந்தப் பாடு ஒழிந்தது. நைலானால் வந்த கேடுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நூலின் குணமறிந்து தேர்ந்தவர்களை ரசனை கெட்டவர்கள் என்று சொல்ல, உலர்ந்த அறையில் கதர் அணிந்து எழுதும் எனக்கு உரிமையில்லை. பழைய மதராஸ் கடற்கரையின் கட்டுமரக்காரர்களைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். அரையில் ஒரு முழத் துணி, தலையில் ஓலையில் முடைந்த கூம்புக் குல்லாய். அந்தக் குல்லாய்க்குள் கடிதங்களை நனையாமல் வைத்து அலைகளைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டு போனார்கள். தாங்கள் நனைவதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை, நனையக்கூடாததை நனையாமல் காப்பது எப்படி என்று தெரிந்திருந்தது. இன்றைய பாலித்தீன் பை முடிச்சும் அதே அறிவுதான்.

புதுத்துணி எப்போது வாங்குகிறார்கள் என்று கேட்டால் அங்கும் பருவம் குறுக்கே வருவதில்லை, பண்டிகைதான் வருகிறது. தீபாவளியும் கிறிஸ்துமஸும் பொங்கலும் மழைக்கும் பனிக்கும் இடையில் விழுகின்றன. ஆனால் அப்போது வாங்குவது குளிருக்கான துணியன்று, புதிய துணி, அவ்வளவே. கோட்டைக்குப்பத்துச் சிறுமிக்குத் தீபாவளிக்கு வாங்கும் ஜிகினா பாவாடை கார்த்திகை மழைக்கும் உதவாது, சித்திரை வெயிலுக்கும் உதவாது. அதனால் அதன் மதிப்பு குறைவதில்லை. பழவேற்காட்டு இஸ்லாமியக் குடும்பங்களுக்கோ நோன்புப் பெருநாள் சந்திரக் கணக்கில் வருவதால் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது. 2003இல் நவம்பர் இறுதி, 2016இல் ஜூலை, 2025இல் மார்ச் இறுதி. பெருநாள் உடையை எந்தத் தட்பவெப்பத்துக்கு என்று தைப்பது? முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் அது நெய்தலைப் போலவே ஆறு பெரும்பொழுதையும் பார்த்துவிடும். பணம் புரளும் காலமும் கணக்கில் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் ஏரியிலும் வரத்து இராது. துணிக்கடைக்குப் போகும் நாளை நாட்காட்டியைவிட இறால்தான் தீர்மானிக்கிறது.

சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த செய்திக்கு இப்போது வருகிறேன். 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் அப்போது வசித்த குடியிருப்பில் நிவாரணத்துக்குத் துணி சேகரித்தார்கள். நானும் ஒரு பை நிறையக் கொடுத்தேன். அதில் இருந்தவை இன்னும் நினைவிருக்கின்றன: இடுப்புச் சுற்றளவு போதாத இரண்டு கால்சட்டைகள், காலர் நைந்த சட்டைகள், வடக்கே பணியாற்றியபோது வாங்கிய ஒரு கோட்டு. டிசம்பர் மாதமாயிற்றே, குளிருக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. கொடுத்த நிறைவோடு வீட்டுக்குப் போய் உறங்கினேன்.

அந்த வாரங்களில் தமிழகக் கடற்கரைச் சாலைகளில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நாடெங்கிலுமிருந்து வந்த பழைய துணிகள் சாலையோரம் குன்றுகளாகக் கிடந்தன. மழையில் நனைந்தன, மாடுகள் மிதித்தன. மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. "எல்லாவற்றையும் இழந்த பிறகும் இவர்களுக்கு இவ்வளவு வீம்பா?" என்று நகரத்தில் சிலர் பேசியதை என் காதால் கேட்டேன். அப்போது நானும் மறுத்துப் பேசவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வீம்பு யாருடையது? முன்தினம் வரை கடலில் உழைத்துத் தன் துணியைத் தானே வாங்கியவர்கள் அவர்கள். பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்துவது அந்தக் குப்பங்களில் இழவைவிடப் பெரிய இழிவு. நம் மரபு மட்டும் வேறு என்ன சொல்கிறது? சாவு வீட்டுக்குக் கோடித் துணி கொண்டு போகிறோம், பழையதைக் கொண்டு போவதில்லை. பொருநராற்றுப்படையில் கந்தலுடுத்தி வந்த பொருநனுக்குக் கரிகாலன் தன் பழைய ஆடையைக் கழற்றித் தரவில்லை. வேர்வையில் நனைந்து வேறு நூலால் தைத்திருந்த அந்தக் கந்தலை நீக்கி, பாம்பின் உரியைப் போல் நுண்ணிய புது ஆடையைக் கொடுத்தான். இந்த வரிகளை மேடைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருப்போம்! என் பையில் போட்ட கோட்டையும் கால்சட்டையையும் அந்த வரிகளோடு சேர்த்துப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. கைலியும் துண்டும் உள்பாவாடையும் தேவைப்பட்டவர்களுக்குக் கோட்டு அனுப்பியவன் நான். உலகத்துக்குக் கைலி உடுத்திவிட்ட கரைக்கு.

அதன் பிறகும் ஒவ்வொரு டிசம்பரும் ஏதோ ஒன்றைக் கொண்டுவருகிறது. 2015இல் வெள்ளம். 2016இல் வர்தா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அந்தக் கரிய குழம்பை மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அள்ளினார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. அன்றாடம் அணியும் சட்டையும் கைலியுமாக எண்ணெயில் இறங்கினார்கள். அந்தத் துணி எந்தச் சோப்புக்கும் வெளுத்திருக்காது. அந்த ஆண்டும் நாளிதழ்கள் குளிர்காலப் பாணியைப் பற்றி எழுதியிருந்தன. எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அழகாக உடுத்துவது நல்லதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் குளிர்கால உடை என்ற தலைப்பை வைத்துக்கொண்டு, ஐம்பது அறுபது கிலோமீட்டர் வடக்கே குளிர்காலம் முழுதும் நீரில் நிற்பவர்கள் எதை உடுத்துகிறார்கள், எது போதவில்லை என்று ஒரு பத்திகூட எழுதாதது எனக்கு உறுத்துகிறது. துணி உலர்த்தக் கூரையுள்ள ஒரு பொதுக்கொட்டகை, கரையேறும் இடத்தில் உடை மாற்ற ஒரு மறைவிடம், நீரில் இறங்கும் பெண்களின் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்றபடி தைத்த ஒரு நீராடை. இவை ஒன்றும் எட்டாத பொருள்களல்ல. ஆடை வடிவமைப்பைக் கற்பிக்க இந்நகரத்தில் பெரிய நிறுவனங்களே இருக்கின்றன. நீரில் நிற்கும் இருளர் பெண்ணுக்கு ஒரு மேலாடையை வடிவமைப்பது மாணவர் ஒருவருக்கு நல்ல தேர்வாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அன்று மாலை திரும்பும்போது படகுத்துறைக்கு அருகே பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். மழைக்காலத்தில் யாராவது உதவி செய்ய வந்தால் என்ன கொண்டு வந்தால் நல்லது என்று கேட்டேன். நாமாக முடிவு செய்யாமல் ஒருமுறையாவது கேட்டுப் பார்க்கலாமே என்ற எண்ணம்தான்.

அவர் ஓலையை நகத்தால் கீறிக்கொண்டே, "துணியா சார்?" என்றார். "துணி இருக்குது சார். அது காயுறதுக்கு எடந்தான் இல்ல."

பேருந்து புறப்படும் நேரமாகிவிட்டது. தூறல் நிற்கவில்லை. குப்பத்து வீடுகளின் தாழ்வாரங்களில், வலைகள் மீது, கவிழ்த்த படகுகளின் முதுகில், கோயில் சுற்றுச்சுவரின் உட்புறத்தில் எல்லாம் கைலிகளும் நைட்டிகளும் பள்ளிச் சீருடைகளும் விரிந்து கிடந்தன. திங்கட்கிழமை பள்ளி உண்டு.